கம்பளத்துக்கு அடியில் போன கேபிள்

சனிக்கிழமை பெர்மாஸ் ஜெயா கல்யாண மண்டபத்தில் நீ கித்தார் வாசிக்கவில்லை. வாசிப்பதுபோல நடித்தாய். நான் மேடையிலிருந்து மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பாட்டில் லீட், கித்தார் தனியாக முன்னே வருகிற இடம், வந்தது. கடைசிச் சுரம் ஸ்பீக்கரில் நீண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. விரல் கம்பியை அழுத்தி ஆட்டினால்தான் அந்த நடுக்கம் வரும். அந்த நேரத்தில் உன் இடது கை கம்பியில் இல்லை; நெற்றியில் விழுந்த முடியைக் கோதிக்கொண்டிருந்தது. பிறகு உன் கித்தாரிலிருந்து இறங்கிய கேபிளைக் கண்ணால் தொடர்ந்து போனேன். அது மேடையில் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்துக்கு அடியில் நுழைந்தது. சத்தத்தைப் பெருக்குகிற ஆம்புக்குப் பக்கத்தில் வெளியே வரவே இல்லை. என் பக்கத்தில் இருந்த பெண், "உங்க மவன் சேம் டு சேம் வாசிக்கிறாருக்கா, சிடில கேக்குற மாதிரியே இருக்கு" என்றாள். அது சிடிதான் என்று வாய்வரை வந்தது. ஒரு துண்டு கோழியை வைத்து அடைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே உன்னிடம் கேட்டிருப்பேன். அடுத்தவர் வீட்டுக் கல்யாணம், வேண்டாம் என்று விட்டேன். ஆனால் மறுநாள் மத்தியானம் நீ உன் வாடகை வீட்டிலிருந்து கெலாங் பாத்தாவுக்கு, நம் வீட்டுக்கே, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். உன்னோடு தர்ஷினியும் வந்தாள். இன்னும் மூன்று வாரத்தில் நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண். அவள் உன் அப்பாவுக்கு வாழைப்பழப் பலகாரம் வாங்கி வந்திருந்தாள், நீ எனக்கு ஒரு பாட்டு கொண்டுவந்திருந்தாய். போட்டுக் காட்டினாய். இரண்டு கித்தார், மாறி மாறி லீட். நன்றாகத்தான் இருந்தது.

"என்னடா இது?"

"நம்ம கல்யாண டின்னருக்கும்மா. ட்ராக் ரெடி. உங்க லீடும் நானே வாசிச்சி வச்சிட்டேன்."

"என் லீட நீ வாசிச்சியா?"

"நீங்க சும்மா நின்னா போதும்மா. கை மேல கீழ போனா சரி. வீடியோக்காரன் ரெண்டு கேமரா கொண்டாறான்."

"கேபிளு?"

"வயர்லெஸ் மாட்டிக்கலாம், அழகா இருக்கும். ஆன் பண்ணத் தேவையில்ல லா."

ஏர்கோன் பழுது பார்க்கிற தன் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்த உன் அப்பா, தலையைத் தூக்காமல், "உங்கம்மாவுக்கு அது பழக்கந்தான்" என்றார். சொன்ன பிறகு தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்து, எழுந்து வெளியே போய்விட்டார். நீ சிரித்தாய். அது என்ன பழக்கம் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்காததால் எழுதுகிறேன்.

ஊர் பார்க்கத் திறந்த கடிதமாக ஏன் எழுதுகிறீர்கள், வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கோபப்படுவாய். படு. அழைப்பிதழில் "மணமகனும் தாயாரும் இணைந்து வழங்கும் கித்தார் விருந்து" என்று தங்க எழுத்தில் அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தவன் நீ. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்கு ஒன்றைச் சொல்லிவிட்டாய், அது பொய் என்றால் அதையும் ஊருக்குத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தப் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு நான் எப்படி வாசிக்கக் கற்றேன் என்பதிலிருந்து வர வேண்டும். எனக்குப் பதினேழு வயதில், கோத்தா திங்கியில் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து நாங்கள் டவுனுக்குக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. என் அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன கித்தாரை அலமாரி மேல் வைத்திருந்தேன். தண்ணீர் அலமாரியையே சாய்த்துவிட்டது. நான்கு நாள் கழித்து எடுத்துக் காயவைத்தபோது அதன் கழுத்து வளைந்திருந்தது. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் ஏழாவதுக்கு, அதாவது ஏழாவது ஃப்ரெட்டுக்கு, மேலே எங்கே அழுத்தினாலும் சுரம் வராது, தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம்தான் வரும். எனக்குத் தெரிந்திருந்ததோ ஒரே ஒரு விஷயம். பக்கத்து வீட்டுப் பையன்களிடம் ஜெராக்ஸ் எடுத்த ஒரு தாளில் இருந்த "பெட்டி". ஏ மைனரில் ஐந்து சுரங்கள், ஐந்தாவது ஃப்ரெட்டுக்கும் எட்டாவது ஃப்ரெட்டுக்கும் நடுவில். ஊரில் லீட் வாசிக்கிறேன் என்று சொன்ன எல்லோரும் அந்தப் பெட்டிக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எட்டாவது ஃப்ரெட்டே இல்லை. பெட்டியில் பாதி வெள்ளத்தில் போய்விட்டது.

போனதால்தான் நான் தேடினேன். இது தத்துவம் இல்லை, பஞ்சம். ஏழாவது ஃப்ரெட்டுக்குக் கீழே என்ன சுரம் இருக்கிறது என்று தடவிப் பார்த்தபோது, நான் தினமும் பிடிக்கிற கார்டுகளே அங்கே கிடந்தன. கார்டு என்றால் மூன்று நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் அடிப்பது. அதையே ஒன்று ஒன்றாகப் பிரித்து வாசித்தால் ஆர்பெஜியோ. அந்தப் பெயரே அப்போது எனக்குத் தெரியாது. நான் அதை "கார்டை உதிர்க்கிறது" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். எஃப் கார்டு வரும்போது இரண்டாவது கம்பி ஆறாவது ஃப்ரெட்டில் எஃப் இருந்தது. பெட்டியில் அந்தச் சுரம் கிடையாது. ஈ செவன் வரும்போது முதல் கம்பி நான்காவது ஃப்ரெட்டில் ஜி ஷார்ப் இருந்தது. பெட்டிக்காரர்கள் எல்லோரும் அந்த இடத்தில் எட்டாவது ஃப்ரெட்டில் ஜி-யை அழுத்திக்கொண்டு, ஏன் புளிக்கிறது என்று தெரியாமல் ஆம்பைத் திருகிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புளிக்கவில்லை. என்னிடம் அந்த ஜி இல்லை, அவ்வளவுதான்.

பிறகு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். கைப்பையின் வாரை கித்தார் கழுத்தாக நினைத்துக்கொண்டு விரலை ஓட்டுவேன். பக்கத்தில் உட்காருகிற மலாய் அக்கா எனக்கு நரம்புக் கோளாறு என்று நினைத்து ஒரு தைல பாட்டில் கொடுத்தார். அந்த பஸ்ஸில்தான் எனக்கு, சுரங்கள் வரிசையாக ஏறி இறங்குகிற ஸ்கேலுக்கும் ஆர்பெஜியோவுக்கும் என்ன உறவு என்று புரிந்தது. பஸ் எல்லாத் தெருவிலும்தான் போகும். ஆனால் ஆட்கள் நிற்பது சில இடத்தில்தான்: பசார் முனை, எண்ணெய்க் கடை, பள்ளிவாசல் எதிரில். அந்த இடங்களில் நிற்காமல் நீ ஊர் முழுக்க எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பஸ்ஸில் ஒருவரும் ஏறமாட்டார்கள். ஸ்கேல் தெரு, ஆர்பெஜியோ நிறுத்தம். காலை ஷிஃப்டுக்கு ஒரு நிறுத்தம், மத்தியான ஷிஃப்டுக்கு வேறு நிறுத்தம். கார்டு மாறினால் நிற்க வேண்டிய இடமும் மாறிவிடும். தெரு என்னவோ அதேதான். நல்ல லிக், அதாவது லீடில் வருகிற ஒரு சின்னச் சுரத் துணுக்கு, என்பது, அடுத்த நிறுத்தத்தில் ஆள் வந்து நிற்கிற அந்த நொடியில் போய்ச் சேருகிற பஸ். இதை எனக்கு எந்த மாஸ்டரும் சொல்லித் தரவில்லை.

மாஸ்டர் சொல்லித் தந்தது வேறு. இருபது வயதில் குணா மாஸ்டரின் குழுவில் சேர்ந்தேன். ஜொகூரில் அப்போது கல்யாண டின்னர் என்றால் அவர் குழுதான். அவருடைய சட்டம் ஒன்றே: பாட்டு கேசட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே வர வேண்டும். நடுவில் வருகிற இசையில் ஒரு சுரம் மாறினாலும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பான் என்பார். அது உண்மைதான், பார்ப்பார்கள். நம் ஜனங்களுக்கு மேடையில் நிற்பவன் சுரம் தவறிவிடக் கூடாது, அவ்வளவுதான். அவனுக்குச் சொந்தமாக ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் மூன்று மாதம் ஒத்திகைக்குப் போனேன். எல்லாப் பாட்டும் அப்படியே வாசித்தேன். முதல் டின்னர் அன்று, மேடைக்குப் பின்னால் மாஸ்டர் என்னிடம் ஒரு கித்தாரைக் கொடுத்தார். அவருடையது, பளபளவென்று வெள்ளை நிறம்.

"நீ முன்னால நில்லும்மா. செல்வம் திரைக்குப் பின்னாடி இருந்து வாசிப்பான்."

"நான் வாசிக்கிறேன் மாஸ்டர். எல்லாம் பாடம்."

"தெரியும். பொம்பளப் புள்ள நின்னா பாக்க நல்லா இருக்கும். வாசிக்கிறது ரிஸ்க்கு லா. ஒரு பொண்ணு தப்பு பண்ணா குழுவையே சிரிப்பானுங்க."

"செல்வம் அண்ணன் தப்பு பண்ணா?"

"அவன் பண்ணா கேபிள் கோளாறுன்னு சொல்லிக்கலாம்."

நான் நின்றேன். இதுதான் அந்தப் பழக்கம். கித்தாரைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு கடைசி பஸ் பிடித்து வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஒன்றரை வருஷம் நின்றேன். அந்தக் கேபிளும் கம்பளத்துக்கு அடியில்தான் போகும். சனிக்கிழமை நான் எதற்கு உன் கேபிளைக் கண்ணால் தேடினேன் என்று இப்போது தெரிகிறதா?

நிற்கவைப்பது எனக்குப் புதிதில்லை. தொழிற்சாலைக்கு வெளிநாட்டிலிருந்து பெரிய ஆட்கள் வந்தால், ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் லைனிலிருந்து எங்களில் நான்கு பேரை எழுப்பி, சேலை கட்டவைத்து, ஒரு தட்டில் பூவோடு வாசலில் நிறுத்துவார்கள். மலாய்ப் பெண் நான்கு, சீனப் பெண் நான்கு, இந்தியப் பெண் நான்கு. போட்டோ எடுப்பார்கள். பிறகு உடை மாற்றிக்கொண்டு லைனுக்குப் போய், நின்ற நேரத்துக்கும் சேர்த்து வேலையை முடிக்க வேண்டும். ஒரு நாளும் அந்தப் பன்னிரண்டு பேரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. நம்மைப் பார்க்க மட்டும் கூப்பிடுகிறவர்கள் உலகத்தில் எப்போதும் இருப்பார்கள். தொப்பி போட்டுக்கொண்டு, பட்டு உடுத்திக்கொண்டு, கித்தார் மாட்டிக்கொண்டு போய் நிற்பதற்கு நம்மில் ஆட்களும் எப்போதும் இருப்பார்கள். அந்த ஆட்களில் நான் ஒருத்தி. நீ இரண்டாவது ஆளாக வேண்டாம்.

இப்போது நான் அப்படி நின்ற ஒரு டின்னரைச் சொல்கிறேன். ஜொகூர் பாருவில் ஒரு பெரிய மண்டபம், நாற்பது மேசைக்கு மேல் இருக்கும். குழுவுக்குச் சாப்பாடு நிகழ்ச்சி நடுவிலேயே திரைக்குப் பின்னால் போட்டுவிட்டார்கள். ஆட்டுக்கறி பிரியாணி. செல்வம் அண்ணன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுகிற ஆள் இல்லை. நான்காவது பாட்டு தொடங்கியது. ஏ மைனர், எஃப், ஜி, ஈ செவன் என்று நான்கு கார்டு சுற்றிச் சுற்றி வரும். லீட் வருகிற இடம் வந்தது. டிரம்ஸ் அடிக்கிறது, பேஸ் போகிறது, திரைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. செல்வம் அண்ணன் கை கழுவப் போயிருந்தார்.

என்னிடம் எட்டு பார், எட்டுத் தாளச் சுற்று, இருந்தது. ஒரு கார்டுக்கு இரண்டு பார். நான் வாசித்தேன். கேசட்டில் இருப்பதை இல்லை, என்னுடையதை. ஏ மைனருக்கு முதல் கம்பி ஐந்தில் தொடங்கி ஏ, சி, ஈ என்று கார்டை உதிர்த்தேன். எஃப் வருவதற்கு அரைத் தாளம் முன்னால் ஈ-யில் காத்திருந்து, எஃப் அடித்ததும் ஆறாவது ஃப்ரெட்டுக்கு ஒரே ஒரு அடி எடுத்து வைத்தேன். ஜி-க்கு ஸ்கேலில் இறங்கி மூன்றாவது கம்பி நான்கில் பி-யில் நின்றேன், அங்கேயே அரை பார் ஒன்றும் வாசிக்காமல் விட்டேன். ஈ செவனுக்கு நான்கு சுரத்தையும் மேலே ஏற்றிக்கொண்டுபோய் அந்த ஜி ஷார்ப்பில் நிறுத்தி நடுங்கவிட்டேன். ஏ மைனர் திரும்பி வந்தபோது ஒரு ஃப்ரெட் மேலே ஏறி வீட்டுக்கு வந்தேன். பிசகு ஒன்றுகூட இல்லை. என் வாழ்க்கையில் நான் வாசித்ததிலேயே சிறந்த லீட் அது. மண்டபத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. கேபிள் கம்பளத்துக்கு அடியில் கிடந்தது.

முதலில் ஒரு மேசை சிரித்தது. பிறகு எல்லா மேசையும். ஒருவர் எழுந்து, "தங்கச்சி, வால்யூம வையி லா, நாங்களும் கேக்குறோம்" என்றார். மாஸ்டர் மைக்கைப் பிடித்து, "கேபிள் கோளாறு, மன்னிக்கணும்" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து கேபிளைத் தட்டிப் பார்ப்பதுபோல நடித்தேன். அதுவரைக்கும் மற்றவர்கள் சொன்னதற்காக நடித்தேன். அந்தக் குனிதல் மட்டும் நானாகச் செய்தது. அதற்குத்தான் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.

நிகழ்ச்சி முடிந்து சாமான் ஏற்றும்போது, சவுண்ட் பார்க்கிற பையன் என் பக்கத்தில் வந்து, "எனக்குக் கேட்டிச்சி" என்றான். மேடை ஓரத்தில் மிக்ஸர் பக்கத்தில் நின்றவனுக்கு, ஆம்ப் இல்லாமல் வெறும் கம்பியின் சத்தம் கொஞ்சம் கேட்டிருக்கிறது. "அந்தக் கடைசி சுரம் ரொம்ப நல்லா இருந்திச்சி" என்றான். அந்தப் பையன்தான் உன் அப்பா. அதற்காகவா அவரைக் கட்டிக்கொண்டீர்கள் என்று கேட்பாய். அதற்காகத்தான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் ஒரு கேள்வியும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டதல்லவா, நான்கு அடி தூரத்தில்தானே நின்றீர்கள், கம்பளத்தைத் தூக்கி அந்தக் கேபிளை எடுத்து ஆம்பில் செருக மூன்று விநாடி ஆகுமா? அவர் சொல்கிற பதில் இன்றுவரை ஒன்றுதான். "மாஸ்டர் திட்டுவாரு."

அவரைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. உனக்கு நான் செய்தது அதைவிட மோசம். நான் குழுவை விட்டேன், ஆனால் குழுவின் சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒன்பது வயதில் நீ அந்த வளைந்த கித்தாரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, புதிது வாங்கிக் கொடுத்து, பாட்டுகளைப் போட்டு, "இருக்கிறபடியே வாசி" என்றேன். ஸ்கேல் சொல்லிக் கொடுத்தேன், மேலே ஏறி கீழே இறங்க. ஆர்பெஜியோ சொல்லிக் கொடுத்தேன், விரல் பழகுவதற்கு. இரண்டும் எதற்கு என்று சொல்லவே இல்லை. பஸ் கதையை நீ இன்றைக்குத்தான் கேட்கிறாய். ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரிகிறது. நீ தப்பு செய்து எவனாவது சிரிப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

உனக்குப் பதினான்கு வயது. கோத்தா திங்கி பக்கம் ஒரு கோயில் திருவிழா, மாலைப் பூசை முடிந்து இசை நிகழ்ச்சி. அதே மாதிரி ஒரு ஏ மைனர் பாட்டு. லீட் வாசித்துக்கொண்டே வந்த நீ, ஈ செவன் வந்ததும் பாட்டில் இருக்கிற சுரத்தை விட்டுவிட்டு, கையை ஒரு ஃப்ரெட் கீழே இறக்கி ஜி ஷார்ப்பில் போய் நின்றாய். நின்று, அதை நடுங்கவும் விட்டாய். யாரும் சொல்லித் தராமல் நீயாகக் காதால் கண்டுபிடித்த சுரம். என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. நிகழ்ச்சி முடிந்ததும் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, "தம்பி நல்லா வாசிக்கிறான், ஆனா நடுவுல பாட்டு மாறிப்போச்சி" என்றார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன் பக்கம் திரும்பி, அத்தனை பேர் முன்னால், "ஒன்ன யாருடா சொந்தமா போடச் சொன்னது?" என்றேன்.

நீ வாசித்தது சரி. அது சரி என்று அந்தத் திடலிலேயே தெரிந்தவள் நான் ஒருத்திதான். தெரிந்தே திட்டினேன். பத்து வருஷம் கழித்துச் சொல்கிறேன், அந்தச் சுரம் சரி, அந்த இடம் சரி, நின்ற நேரமும் சரி. என்னை மன்னி என்று கேட்கவில்லை. மன்னிப்பதைவிட உருப்படியான காரியம் ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் கேட்கிறேன்.

அன்றைக்குப் பிறகு நீ ஒரு சுரத்தையும் மாற்றவில்லை. பார்க்கிறவர்கள் உன்னைத் துல்லியம் என்றார்கள். நான் பெருமைப்பட்டேன், அந்தப் பெருமையும் பொய். துல்லியமாக வாசிக்கிறவனுக்கு ஒருநாள் தோன்றத்தானே செய்யும், எதற்குக் கஷ்டப்பட்டு வாசிக்க வேண்டும், சிடியையே போட்டுவிடலாமே என்று. உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை நான் கேட்கத்தான் செய்தேன். வாரம் பூரா விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் கிடங்கில் வேலை செய்துவிட்டு வருகிறவனுக்கு ஒத்திகைக்கு நேரம் ஏது? "எல்லா பேண்டும் இப்படித்தாம்மா. ஒரு தப்பு வந்தா எவனாவது போன்ல புடிச்சி போட்டுருவான், சாவுற வரைக்கும் அத வச்சே ஓட்டுவானுங்க" என்றாய். உண்மை. என் காலத்தில் நாற்பது மேசை சிரித்தது, அத்தோடு முடிந்தது. உன் காலத்தில் சிரிப்பு தீராது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். அவர்கள் சிரித்துவிடுவார்கள் என்பதற்காக நீ வாசிக்காமலே இருந்தால், அவர்கள் ஏற்கெனவே உன்னைப் பார்த்துச் சிரித்து முடித்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

நீ போட்டுக் காட்டிய ட்ராக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ போன பிறகு அதை ஆறு தடவை கேட்டேன். எனக்காக நீ வாசித்து வைத்திருக்கிற லீடில், முதல் சுற்றில் ஒரு நல்ல லிக் வருகிறது. இரண்டாவது சுற்றில் அதே லிக் வருகிறது. அப்படியே. மீட்டுகிற பிக் கம்பியில் உரசுகிற சத்தம்கூட அதே இடத்தில் உரசுகிறது. வெட்டி ஒட்டியிருக்கிறாய். கார்டு ஒன்றுதானே, அதனால் என்ன என்று கேட்பாய். கார்டு ஒன்றுதான். ஆனால் கேட்கிறவன் ஏற்கெனவே ஒருமுறை கேட்டுவிட்டான், அவன் இப்போது வேறு ஆள். அவனுக்கு அதே இடத்துக்கு வேறு வழியாகப் போய்க் காட்ட வேண்டும். முதல் தடவை கீழிருந்து ஏறி ஜி ஷார்ப்பில் நின்றால், இரண்டாவது தடவை மேலே ஏ-யில் அவனை உட்காரவைத்துவிட்டு மெல்ல இறங்கி வா. அல்லது வரவேண்டிய சுரத்தை ஒரு தாளம் தாமதப்படுத்து, அவனுக்குப் பசிக்கட்டும். வெறும் ஆர்பெஜியோவாக அடுக்கினால் அது வாசல் மணி. வெறும் ஸ்கேலாக ஓட்டினால் லிஃப்ட் பழுதான அடுக்குமாடியில் எவனோ படி ஏறுகிற சத்தம். எங்கே நிற்பது என்பதை முதலில் தீர்மானித்துவிடு, பிறகு எப்படிப் போவது என்று பார். உனக்கு இதெல்லாம் வரும். பதினான்கு வயதில் வந்தது.

வரும் என்று நான் மட்டும் சொல்லவில்லை. நீ காரை எடுக்கக் கீழே போனபோது, பாத்திரத்தைக் கழுவி வைத்துக்கொண்டே தர்ஷினி சொன்னாள்.

"அத்த, அவரு வீட்ல தனியா இருக்கறப்போ ட்ராக்கே போடமாட்டாரு. சும்மா கார்ட லூப்புல ஓட விட்டு, கண்ண மூடிட்டு என்னென்னமோ வாசிப்பாரு. நான் வெளிய நின்னு கேப்பேன். கதவத் தொறந்தா நிறுத்திடுவாரு."

"நீ ஏம்மா தொறக்குற?"

"சோறு கொண்டு போயிருப்பேன், ஆறுதே."

"ஆறட்டும்மா" என்றேன். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "பயம் அத்த அவருக்கு. நீங்க திட்டுவீங்கன்னு" என்றாள். நான் கையில் வைத்திருந்த தட்டைத் திரும்பவும் கழுவினேன், சுத்தமாகவே இருந்தது. இருபத்து நான்கு வயது, மூன்று வாரத்தில் கல்யாணம், கதவுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறாய். உன் அப்பா மாஸ்டருக்குப் பயந்தார். நீ எனக்குப் பயப்படுகிறாய். நம் வீட்டில் கேபிள் செருகுகிறவன் ஒருவனும் கிடையாது.

ஆகவே நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். உன் கல்யாண டின்னருக்கு வருவேன். பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, முன் வரிசையில் நின்று வருகிறவர்களை வரவேற்பேன். ஆனால் அந்த ட்ராக் ஓடினால் மேடை ஏறமாட்டேன். அழைப்பிதழில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி, வீடியோக்காரன் எத்தனை கேமரா கொண்டுவந்தாலும் சரி. சம்பந்தி வீட்டார் கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. செருகாத கித்தாரோடு ஒன்றரை வருஷம் நின்றாகிவிட்டது, அந்த வேலையை என் மகன் கல்யாணத்திலும் செய்வதற்கு எனக்கு விருப்பம் இல்லை.

கேபிள் செருகினால் ஏறுவேன். உன் பக்கத்தில் நின்று நான்கு கார்டையும் நான் அடிக்கிறேன். ஏ மைனர், எஃப், ஜி, ஈ செவன். எட்டு பார் உனக்கு, அதற்கு அடுத்த எட்டு எனக்கு. என் விரல்கள் இப்போது முன்னே மாதிரி இல்லை, சால்டரிங் செய்து செய்து இரண்டு விரல் நுனியில் உணர்ச்சி குறைவு. தப்பு வரும். வரட்டும். யாராவது போனில் பிடித்துப் போடட்டும், என் முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி பிடிக்கட்டும். யாராவது வந்து பாட்டு மாறிப்போச்சு என்று சொன்னால், இந்த முறை அவர் பக்கம் திரும்பி நான் பதில் சொல்வேன். அந்தப் பதிலைப் பத்து வருஷமாக வைத்திருக்கிறேன்.

திங்கள் காலை உனக்குப் போனில் ஒரே ஒரு வரி அனுப்பினேன். நீ பார்த்துவிட்டாய், இரண்டு நீலக் கோடுகள் விழுந்துவிட்டன. இன்றைக்கு வியாழன். மத்தியானம் உன் அப்பா அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய கேபிளை எடுத்துவந்து, இரண்டு முனையையும் புதிதாகச் சால்டர் வைத்து, சோதித்துப் பார்த்து, மேசைமேல் சுருட்டி வைத்துவிட்டுப் போனார். ஆறு மீட்டர் இருக்கும். எந்தக் கம்பளத்தையும் தாண்டி ஆம்புவரை எட்டும்.

அதே வரியைத் திரும்பவும் கேட்கிறேன். செருகுவாயா, மாட்டாயா? சொல்.